நகரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது: ஒரு தெருவில் தொடங்கி பட்ஜெட் வரை

நகரத் திட்டமிடலைப் புரிந்துகொள்ள வருபவர்கள் பெரும்பாலும் பெரிய சொற்களிலிருந்து தொடங்குகிறார்கள். ஸ்மார்ட் சிட்டி, பசுமை நகரம், 2050 தொலைநோக்கு என்று. கொஞ்ச நாள் கழித்துக் கையில் சொற்கள் நிறையச் சேர்ந்திருக்கும். ஆனால் தெருமுனையில் தண்ணீர் ஏன் தேங்குகிறது என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது. இந்தக் கட்டுரை எதிர்த்திசையில் போகிறது. ஒரு தெருவில் தொடங்கி வரைபடம், விதிகள், அதிகாரம், பணம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பசுமைக்கு வருகிறது.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ஒரு நகரத்தின் உருவத்தைச் சுவரில் மாட்டிய வண்ண வரைபடத்தைவிட, விதிப் புத்தகத்தின் சில வரிகளும் பராமரிப்புக்கு ஒதுக்கும் தொகையும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன என்பது என் எண்ணம். இவற்றைப் படிக்கப் பொறியாளராகவோ கட்டடக் கலைஞராகவோ இருக்க வேண்டியதில்லை. சலிப்பூட்டும் பிடிஎஃப் கோப்புகளைப் பொறுமையாகப் புரட்டத் தெரிந்தால் போதும்.

முதல் படி: ஒரே ஒரு தெரு

அரை கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள். அடிக்கடி போய்வரும் தெரு என்றால் நல்லது. நெரிசல் நேரத்தில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை, நல்ல மழையில் ஒரு முறை என்று அதில் நடந்து பாருங்கள். மழை நடையைத் தவிர்த்துவிடாதீர்கள். சாலை எந்தப் பக்கம் சரிகிறது, வடிகாலின் வாய் சாலை மட்டத்துக்கு மேலே நிற்கிறதா, யார் வீட்டு வாசலுக்குத் தண்ணீர் முதலில் போகிறது என்பதெல்லாம் மழையில்தான் வெளியே தெரியும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துபோன தெருக்களில் இது உடனே கண்ணில் படும்.

நடக்கும்போது குறித்துக்கொள்ள வேண்டியவை: நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா, எங்கே அறுந்துபோகிறது, சக்கர நாற்காலியில் வருபவர் எந்த இடத்தில் சாலைக்கு இறங்கியாக வேண்டும், சாலையைக் கடக்க ஒரே மூச்சில் எத்தனை தடங்களைத் தாண்ட வேண்டும், தெருவைப் பார்த்துத் திறக்கும் கதவுகள் எத்தனை, வெறும் மதில்சுவர் எவ்வளவு நீளம், மதிய நேரத்தில் நிழல் எங்கே இருக்கிறது.

பிறகு பத்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணுங்கள். வாகனங்களை எண்ண வேண்டாம், ஆட்களை எண்ணுங்கள். போக்குவரத்து அறிக்கைகளில் ஐம்பது பேர் ஏறிய பேருந்தும் ஒருவர் மட்டும் உட்கார்ந்த காரும் 'வாகனம்' என்ற ஒரே கணக்கில் போய்விடுவதுண்டு. கார்கள் கலந்து ஓடும் ஒரு தடம் மணிக்குச் சுமார் 600 முதல் 1,600 பேரை நகர்த்தும். அதே அகலத்தைப் பேருந்துக்கென்று ஒதுக்கி அடிக்கடி வண்டி விட்டால் 4,000 முதல் 8,000 பேர் வரை போகலாம். தெருவின் அகலம் மாறாது; அதை யாருக்குக் கொடுக்கிறோம் என்பது மட்டும் மாறுகிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், மேம்பாலம் கேட்கும் குரல்களை வேறு காதோடு கேட்பீர்கள்.

இரண்டாம் படி: வரைபடத்தைத் திறப்பது

ஏறக்குறைய எல்லா நகரங்களுக்கும் ஏதோ ஒரு பெயரில் ஒரு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இருக்கும். அதை எடுத்து உங்கள் தெருவைத் தேடுங்கள். வண்ணங்களைப் பார்க்கும் முன் மூலையில் இருக்கும் சின்ன எழுத்துகளைப் படியுங்கள். எந்த ஆண்டில் ஒப்புதல் பெற்றது? எந்த ஆண்டு வரைக்கும்? இப்போது இருக்கும் நிலப் பயன்பாட்டைக் காட்டுகிறதா, இனி வர வேண்டியதைக் காட்டுகிறதா? இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, வரைபடத்தில் பூங்கா என்று பச்சையாக இருக்கும் இடத்தில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பு இருப்பதைப் பார்த்துத் திகைப்பவர்கள் அதிகம்.

அடுத்து, அந்தத் திட்டத்துக்குச் சட்டப் பலம் உண்டா என்று பாருங்கள். சிங்கப்பூரில் நீண்டகாலத் திட்டம் ஒரு திசைகாட்டி மட்டுமே. முழுமைத் திட்டம் சட்டப்பூர்வமானது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மறுபரிசீலனை செய்கிறார்கள். ஒவ்வொரு மனையிலும் எதைக் கட்டலாம், எவ்வளவு கட்டலாம் என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். வேறு பல ஊர்களில் கண்ணைப் பறிக்கும் தொலைநோக்கு ஆவணம் ஒன்று இருக்கும். அதை மீறினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. உங்கள் ஊர் ஆவணம் இதில் எந்த வகை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

நல்ல வரைபடம் எதை எழுதுகிறதோ அதே அளவு எதைக் காலியாக விடுகிறது என்பதும் முக்கியம். கோபன்ஹேகனின் 1947-ஆம் ஆண்டு 'விரல் திட்டம்' இதற்கு எளிய உதாரணம். நகர மையத்தை உள்ளங்கையாக வைத்து, ரயில் பாதைகளை ஒட்டி விரல்கள்போல வளர்ச்சியை நீளவிட்டு, விரல்களுக்கு இடையே உள்ள நிலத்தைத் திறந்தவெளியாக விடச் சொன்னார்கள். ஒரு குழந்தையிடம்கூடக் கையை விரித்துக் காட்டி விளக்கலாம். அந்த எளிமையும் அது இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

காலி இடத்தை முன்கூட்டியே விடாவிட்டால் என்ன ஆகும்? நியூயார்க்கின் 1811-ஆம் ஆண்டுத் திட்டம் மன்ஹாட்டன் தீவின் பெரும்பகுதியில் கட்டம் போட்டது. அதில் சென்ட்ரல் பார்க் கிடையாது. 1853-இல்தான் அதற்கு நிலம் எடுக்க மாநிலச் சட்டமன்றம் அனுமதித்தது. அந்த நிலத்தில் இருந்த செனிகா வில்லேஜ் என்ற ஊரில் கறுப்பின மக்கள் சொந்த நிலமும் வீடுகளும் தேவாலயங்களும் வைத்திருந்தார்கள். 1857-க்குள் அவர்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். தாமதமாக வரும் பூங்காவுக்கான விலையை இப்படி யாரோ ஒருவர் வீட்டோடு கொடுக்கிறார்.

வரைபடம் நன்றாக இருந்தாலே போதும் என்றும் நம்பிவிட வேண்டாம். பார்சிலோனாவுக்கு இல்டெஃபோன்ஸ் செர்தா 1859-இல் வரைந்த விரிவாக்கத் திட்டத்தில் 113 மீட்டர் சதுரத் தொகுதிகள், 20 மீட்டர் தெருக்கள், வெட்டப்பட்ட மூலைகள். தொகுதியின் இரண்டு பக்கங்களில் மட்டும் கட்டடம், நடுவில் தோட்டம் என்பது அவர் எண்ணம். நில உரிமையாளர்களின் நெருக்குதலில் நான்கு பக்கமும் நிரம்பியது, நடுத்தோட்டமும் நிரம்பியது, மாடிகளும் ஏறின. தெருக்களின் கோடு மட்டும் வரைந்தபடியே நின்றது. கட்டடங்கள் மாறலாம், பயன்பாடும் மாறலாம். தெருவை நகர்த்துவது மட்டும் மிகக் கடினம். ஆகவே புதிய லேஅவுட் ஒன்றுக்குக் கருத்துச் சொல்லும் வாய்ப்பு வந்தால், உங்கள் சக்தியில் பெரும்பகுதியைத் தெருக்களின் அமைப்புக்கே செலவிடுங்கள்.

மூன்றாம் படி: விதிப் புத்தகம்

இங்கேதான் கொஞ்சம் நேரம் தங்க வேண்டும். கட்டட விதிகள் சலிப்பானவை. அதனாலேயே அவற்றை யாரும் படிப்பதில்லை. ஆனால் நகரம் அவற்றின்படிதான் வளர்கிறது.

முதலில் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ. மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற எண் அது. 1,000 சதுர மீட்டர் மனையில் குறியீடு 2 என்றால் மொத்தம் 2,000 சதுர மீட்டர் கட்டலாம். மனையின் பாதியை மூடினால் நான்கு தளம், கால்பகுதியை மூடினால் எட்டுத் தளம். இரண்டிலும் கட்டுமானம் ஒன்றுதான், உயரம்தான் வேறு. எனவே 'அடர்த்தி வேண்டாம்' என்பதும் 'உயரம் வேண்டாம்' என்பதும் இரண்டு தனித்தனிக் கோரிக்கைகள். பாரிஸ் நகரின் பெரும்பகுதி ஆறேழு மாடிக் கட்டடங்கள்தான். ஆனாலும் அங்கே சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20,000 பேர் வாழ்கிறார்கள்.

அடர்த்தி என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு ஒரு கணக்கு. 1990 வாக்கில் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ஸ்பெயினின் பார்சிலோனாவிலும் மக்கள்தொகை கிட்டத்தட்ட ஒன்று. 25 லட்சம், 28 லட்சம். பார்சிலோனாவின் கட்டுமானப் பரப்பு சுமார் 162 சதுர கிலோமீட்டர். அட்லாண்டாவுக்குச் சுமார் 4,280. இருபத்தைந்து மடங்குக்கும் மேல். அத்தனை தூரத்துக்கும் குழாய், கேபிள், சாலை, குப்பை வண்டி எல்லாம் போயாக வேண்டும். அங்கே பேருந்து விட்டால் நிறுத்தத்துக்கு நடக்கும் தூரத்தில் போதிய ஆட்கள் இருக்க மாட்டார்கள். ஆகவே எல்லோரும் கார் வாங்குவார்கள். மின்சாரக் கார் வாங்கினாலும் தூரம் குறையாது.

இரண்டாவது, வாகன நிறுத்த விதி. வீட்டுக்கு இத்தனை, அலுவலகத்தில் இத்தனை சதுர மீட்டருக்கு ஒன்று என்று நிறுத்துமிடத்தைக் கட்டாயமாக்கும் சில வரிகள் விதிப் புத்தகத்தின் பின்பகுதியில் எங்கோ கிடக்கும். ஒரு கார் நிற்கும் இடமும் அது திரும்பி வெளியேறும் இடமும் சேர்ந்தால் 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகிவிடும். சிறிய குடும்பம் ஒன்று வாழும் அறைகளுக்கு ஈடான பரப்பு இது. கார் இல்லாதவரும் தன் வாடகைக்குள் இதற்கான செலவைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-இல் இந்தக் கட்டாயத்தை நீக்கியது; அதன் பிறகு பல நகரங்கள் அதே வழியில் போயின. ஜப்பான் இதை இன்னொரு முனையிலிருந்து பிடித்தது. அங்கே கார் வாங்க வேண்டுமானால், நிறுத்த இடம் இருக்கிறது என்று பெரும்பாலான பகுதிகளில் முதலில் சான்று காட்ட வேண்டும். 1962-ஆம் ஆண்டுச் சட்டம் அது. பொதுத் தெரு யாருடைய சொந்தக் கொட்டகையும் ஆகாமல் இருப்பதற்கு இது பெரிய காரணம்.

மூன்றாவது, எந்த மண்டலத்தில் எதற்கு அனுமதி. குடியிருப்பு மண்டலம் என்றால் கடையே கூடாது என்று சில நாடுகள் கறாராகப் பிரித்தன. ஜப்பானில் நாடு முழுக்க 13 வகை மண்டலங்கள்தான். கட்டுப்பாடு கடுமையான குடியிருப்பு மண்டலத்தில்கூட வீட்டோடு சேர்ந்த சிறு கடைக்கு இடமுண்டு. பால் வாங்க வண்டி எடுக்க வேண்டுமா, நடந்தால் போதுமா என்பதை இந்த ஒரு வரி முடிவு செய்கிறது. ஹூஸ்டனில் மண்டல விதியே கிடையாது என்பார்கள். அது பாதி உண்மை. அங்கே மனைப் பத்திரங்களில் எழுதப்பட்ட கட்டுப்பாடுகளும் நகரின் நிறுத்துமிட விதிகளும் அதே வேலையை வேறு பெயரில் செய்து வந்திருக்கின்றன. விதி இல்லாத நகரம் என்று யாராவது சொன்னால், விதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள்.

விதி மாறினால் ஊர் மாறுமா? நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016-இல் தன் குடியிருப்பு நிலத்தில் சுமார் முக்கால் பங்கில் கூடுதல் வீடுகளுக்கு அனுமதி கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் வீட்டுக் கட்டுமானம் வெகுவாக ஏறியது, குறிப்பாகத் தொடர்வீடுகள். கட்டச் சொல்லி யாரும் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. தடை போனது, அவ்வளவுதான்.

உங்கள் தெருவுக்குத் திரும்பி வாருங்கள். அங்கே பழைய, எல்லோருக்கும் பிடித்த ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுத்து, இன்றைய விதிகளின்படி அதைக் கட்ட அனுமதி கிடைக்குமா என்று பாருங்கள். பக்கத் திறவிடம் (கட்டடத்துக்கும் மனை எல்லைக்கும் நடுவே விட வேண்டிய காலி இடம்), நிறுத்துமிடம், சாலை அகலம் என்று ஏதாவது ஒன்றில் அது அநேகமாகத் தோற்கும். எந்த விதியில் தோற்கிறதோ, அந்த விதியைப் பற்றித்தான் நீங்கள் மேலும் படிக்க வேண்டும்.

நான்காம் படி: யார் பொறுப்பு?

சாலையில் ஒரு பள்ளம். அதைத் தோண்டியது குடிநீர் வாரியம், மூட வேண்டியது மாநகராட்சி, சாலைக்குச் சொந்தக்காரர் நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்தை நிறுத்த அனுமதி தர வேண்டியது காவல்துறை. உலகின் பல நகரங்களில் பெயர்கள் மாறுமே தவிர கதை இதுதான். ஆகவே மூன்றாம் படி முடிந்ததும் ஒரு தாளில் உங்கள் தெருவில் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு பொருளையும் எழுதி, எதிரே பொறுப்பாளரை எழுதுங்கள். தெருவிளக்கு, மரம், நிழற்குடை, சிக்னல், மூடி இல்லாத சாக்கடை வாய். பொறுப்பாளர் தெரியாத பொருட்கள்தான் பெரும்பாலும் பழுதாகிக் கிடக்கும் பொருட்கள் என்பதை நீங்களே கவனிப்பீர்கள்.

அடுத்து எல்லைக்கோடு. மக்கள் வாழும் நகரமும் நிர்வாக எல்லைக்குள் இருக்கும் நகரமும் அரிதாகவே ஒன்றாக இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்ட்டிக்குள் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி அது) 88 தனித்தனி நகரங்கள். பாரிஸ் மாநகராட்சிக்குள் சுமார் 21 லட்சம் பேர். அதோடு ஒட்டிய நகர்ப்புறத்தில் ஒரு கோடிக்கு மேல். இப்படி இருக்கும்போது, நடுவில் இருக்கும் மாநகராட்சி பேருந்துத் தடம் போடலாம். அது எல்லையில் போய் நின்றுவிடும். ஆக்லாந்து இதற்காகவே 2010-இல் எட்டு உள்ளாட்சி அமைப்புகளைக் கலைத்து ஒன்றாக்கியது. லண்டனில் நேர்மாறாக, நகரம் முழுவதற்குமான மன்றத்தை 1986-இல் மத்திய அரசு கலைத்தது. 2000-இல் மேயரோடு புதிய அமைப்பு வரும்வரை, நகரம் முழுவதற்குமாகப் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்ட யாருமே இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். பெரிய அமைப்பில் ஒரு வார்டின் குரல் எளிதில் கரைந்துவிடும். போக்குவரத்தும் தண்ணீரும் வட்டார அளவில், தெருவும் பூங்காவும் வார்டு அளவில் இருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மேயரைப் பார்த்துப் பேசினால் வேலை நடக்குமா? அது மேயரின் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சில நாடுகளில் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரே நிர்வாகத் தலைவர். சில இடங்களில் மன்றத்துக்குத் தலைமை தாங்குவதோடு சரி, கோப்பில் கையெழுத்துப் போடுபவர் நியமிக்கப்பட்ட ஆணையர். காவல்துறையும் மின்சாரமும் பல நகரங்களில் மேயரின் எல்லைக்கு வெளியே. யாரிடம் மனு கொடுப்பது என்று முடிவு செய்யும் முன் இதைத் தெரிந்துகொண்டால் நிறைய அலைச்சல் மிச்சம்.

ஐந்தாம் படி: பட்ஜெட்

பட்ஜெட் உரையைப் படிக்காதீர்கள். அட்டவணைகளைப் படியுங்கள். அதிலும் 'மதிப்பீடு' என்ற பத்தியை விட்டுவிட்டு 'உண்மைச் செலவு' என்ற பத்திக்குப் போங்கள். மூன்று ஆண்டு உண்மைச் செலவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அந்த நகரம் எதை விரும்புகிறது என்பது தெரிந்துவிடும். பூங்காவுக்குப் பெரிய தொகையை அறிவித்து அதில் ஒரு துண்டை மட்டும் செலவழித்திருந்தால், அது பூங்காத் திட்டமே இல்லை.

பிறகு மூலதனச் செலவையும் பராமரிப்புச் செலவையும் பிரித்துப் பாருங்கள். புதிதாகக் கட்டுவதற்கு மேலிருந்து மானியம் வரும், ரிப்பன் வெட்டலாம், படம் எடுக்கலாம். கழிவுநீர்க் குழாயில் அடைப்பு எடுப்பதற்கு யாரும் விழா எடுப்பதில்லை. ஆனால் டோக்கியோ உலகத்துக்குப் பாடம் சொல்வது அங்கேதான். அதன் குடிநீர்க் குழாய்களில் கசிவு சுமார் 3 சதவீதம் மட்டும். பல நகரங்கள் சுத்திகரித்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை இழந்துகொண்டே புதிய ஆதாரத்துக்கு டெண்டர் விடுகின்றன. கசிவை அடைப்பதே மலிவான புதிய ஏரி என்று நினைத்துக்கொள்ளலாம்.

பராமரிக்க வேண்டியதன் நீளமும், அதற்கு வரி கொடுக்கும் ஆட்களின் எண்ணிக்கையும் பொருந்தாமல் போனால் என்ன ஆகும் என்பதை டெட்ராய்ட் காட்டியது. 1950-இல் 18.5 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2013-இல் சுமார் 7 லட்சம். ஆட்கள் போனார்கள்; குழாயும் சாலையும் விளக்கும் போகவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் நகரம் திவால் மனு கொடுத்தபோது தெருவிளக்குகளில் ஏறத்தாழ 40 சதவீதம் எரியவில்லை. அங்கே தொழில் சரிவும் இனப் பாகுபாடும் சேர்ந்த நீண்ட கதை உண்டு. ஆனால் பரந்து விரியும் எந்த நகரமும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்: சாலையின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எத்தனை பேர் வரி கட்டுகிறார்கள்?

வருமானப் பக்கத்தில் சொத்து வரியைத் தேடுங்கள். அப்புறம், பொதுப்பணத்தில் போடும் ரயிலால் ஏறும் நிலமதிப்பு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். ஹாங்காங்கில் ரயில் நிறுவனத்துக்கே நிலையங்களின் மேலும் அருகிலும் கட்டடம் எழுப்பும் உரிமை தரப்படுகிறது. நிலமதிப்பின் ஏற்றம் ரயிலுக்கே திரும்புகிறது. சாலைக்கு நிலம் எடுப்பதிலும் இப்படி ஒரு வழி உண்டு. பிராங்க்ஃபர்ட்டின் மேயர் ஃப்ரான்ஸ் ஆடிக்கெஸ் முன்னெடுத்து 1902-இல் சட்டமான முறை அது: ஒரு பகுதியின் மனைகளை எல்லாம் ஒன்றுசேர்த்து, தெருவுக்கும் பூங்காவுக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனைகளாக உரியவர்களுக்கே திருப்பிக் கொடுப்பது. பரப்பு குறையும், மதிப்பு கூடும். ஜப்பான் தன் நகரங்களில் பெரும் பரப்பை இப்படித்தான் சீர்செய்தது.

மக்களே பட்ஜெட்டில் கை வைத்ததும் நடந்திருக்கிறது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே 1989-இல் தொடங்கிய பங்கேற்பு பட்ஜெட்டில், முதலீட்டுப் பணத்தை எங்கே போடுவது என்று பேட்டைக் கூட்டங்கள் முடிவு செய்தன. வசதி குறைந்த பேட்டைகளுக்குக் குடிநீரும் கழிவுநீர் இணைப்பும் வேகமாக வந்தன. உலகம் முழுக்க அந்த முறை பரவியது. அரசியல் மாறியதும் பிறந்த ஊரிலேயே அது வலுவிழந்தது. சட்டத்தில் எழுதப்படாத நல்ல பழக்கங்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

ஆறாம் படி: இப்போது பசுமை

இவ்வளவு தூரம் வந்த பிறகு 'பசுமைத் திட்டம்' என்ற அறிவிப்பைப் பார்த்தால் நீங்கள் கேட்கும் கேள்விகள் தானாகவே மாறியிருக்கும். மேம்பாலத் தூணில் செங்குத்துத் தோட்டமா? தண்ணீர் யார் ஊற்றுவார்கள், அந்தச் செலவு எந்தத் தலைப்பில்? அலங்காரத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், தூரம், வெப்பம் என்ற மூன்றும்தான்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஐந்து லட்சம் லிட்டர். மண்ணாக இருந்தால் கணிசமான பகுதி இறங்கும். சிமென்ட்டாக இருந்தால் கிட்டத்தட்ட அத்தனையும் ஒரே நேரத்தில் வடிகாலுக்கு ஓடும். எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும் அதைவிடப் பெரிய மழை ஒருநாள் வரும். 2011 ஜூலை 2-ஆம் தேதி கோபன்ஹேகனில் இரண்டு மூன்று மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த ஆண்டே பெருமழைத் திட்டம் ஒன்று வந்தது. எல்லாவற்றையும் குழாயில் அடைப்பதை விட்டுவிட்டு, சில தெருக்கள் மழையில் வாய்க்காலாக ஓடும், சில சதுக்கங்களும் பூங்காக்களும் குளமாக நிற்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்தார்கள். சுமார் 300 சிறிய பெரிய வேலைகள், இருபது ஆண்டு காலம். எங்கே தண்ணீர் நின்றால் யாருக்கும் சேதமில்லை என்பதை நாமே தேர்ந்தெடுக்காவிட்டால் தண்ணீர் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்; அது பெரும்பாலும் தாழ்வான, வசதி குறைந்த பேட்டையாக இருக்கும்.

சேமிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. கேப் டவுன் 2018-இல் குழாய்கள் வறண்டுபோகும் 'டே ஜீரோ'வை நெருங்கியது. பிப்ரவரி முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு போட்டார்கள். நகரின் பயன்பாடு சில ஆண்டுகளுக்கு முன் இருந்ததில் பாதி அளவுக்கு இறங்கி, அந்த நாள் வராமலே போனது. ஆனால் தண்ணீர் விற்பனையில் வாழும் துறையின் வருமானமும் கூடவே இறங்கியது. பிறகு நிலையான கட்டணம் ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று. பசுமையையும் பட்ஜெட்டையும் தனித்தனியாகப் படிப்பவர்களுக்கு இது எப்போதும் வியப்பாக இருக்கும்.

சியோலின் சொங்கேச்சொன் ஓடைதான் படங்களில் அடிக்கடி வரும். 2003-இல் உயர்த்தப்பட்ட நெடுஞ்சாலையை இடித்து, 2005-இல் 5.8 கிலோமீட்டர் ஓடையைத் திறந்தார்கள். படத்தில் வராத இரண்டு விஷயங்கள்: இடையில் 2004-இல் நகரின் பேருந்து அமைப்பையே மாற்றியமைத்தார்கள், அது இல்லாமல் சாலையை எடுத்திருந்தால் எதிர்ப்பு வேறு மாதிரி இருந்திருக்கும். இரண்டாவது, அந்த ஓடையில் பெரும்பாலும் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றிய தண்ணீர்தான் ஓடுகிறது. நல்ல பொது இடம், சந்தேகமில்லை. அதை இயற்கை ஆறு என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

நிர்வாக முறையில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஆஸ்லோவினுடையது. 2017 முதல் அங்கே பண பட்ஜெட்டோடு சேர்த்துக் கார்பன் பட்ஜெட்டும் வைக்கிறார்கள். எந்த நடவடிக்கை எவ்வளவு உமிழ்வைக் குறைக்கும், எந்தத் துறை பொறுப்பு என்பது அட்டவணையில் இருக்கும். இலக்கு தவறினால் யாரைக் கேட்பது என்று தெரிகிறது. தனியாக அச்சிட்டு அலமாரியில் வைக்கும் காலநிலை அறிக்கைக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

கடைசிப் படி: உள்ளே நுழைவது

பெரும்பாலான நகரங்களில் திட்ட வரைவு வெளியான பிறகு ஆட்சேபனைக்கும் ஆலோசனைக்கும் குறிப்பிட்ட நாட்கள் கொடுப்பார்கள். அறிவிப்பு நாளிதழின் ஒரு மூலையிலோ இணையதளத்தின் அடியிலோ இருக்கும். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வந்து ஆவேசமாகப் பேசுவதைவிட, கெடுவுக்குள் எழுத்தில் கொடுப்பது பலமானது. எழுதும்போது மனை எண் அல்லது தெருப் பெயர், வரைவின் எந்தப் பிரிவு, அதில் என்ன பிரச்சினை, அதற்கு மாற்றாக என்ன வாசகம் வேண்டும் என்பவை இருக்கட்டும். 'நகரம் நாசமாகிறது' என்று எழுதினால் கோப்பில் 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று போய்விடும். முதல் படியில் நீங்கள் எண்ணிய ஆட்களின் கணக்கும் மழையில் எடுத்த படங்களும் இங்கேதான் வேலைக்கு ஆகும்.

நிரந்தர மாற்றத்தைக் கேட்டால் பயப்படுவார்கள்; சோதனையாகக் கேளுங்கள். ஸ்டாக்ஹோம் நெரிசல் கட்டணத்தை, அதாவது நகர மையத்துக்குள் வந்துபோகும் வாகனங்களிடம் வாங்கும் கட்டணத்தை, 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனையாகத்தான் நடத்தியது. தொடங்கும் முன் பெரும்பாலானோர் எதிர்த்தார்கள். மையத்துக்குள் நுழையும் வாகனங்கள் சுமார் 20 சதவீதம் குறைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, செப்டம்பர் வாக்கெடுப்பில் நகரவாசிகள் சிறு வித்தியாசத்தில் ஆதரித்தார்கள். 2007 ஆகஸ்டில் அது நிரந்தரமானது. தனியாக வாக்கெடுப்பு நடத்திய பக்கத்து உள்ளாட்சிகளில் பெரும்பாலானவை எதிர்த்தே வாக்களித்தன என்பதையும் சொல்ல வேண்டும். யார் எல்லைக்குள், யார் வெளியே என்பது இங்கேயும் வந்து நின்றது.

மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டை வாங்கி எண்ணைக் குறித்து வையுங்கள். கூட்டம் முடிந்த பிறகு கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் சொன்னது எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று சரிபாருங்கள், தவறாக இருந்தால் உடனே திருத்தம் கேளுங்கள். இறுதித் திட்டம் வரும்போது வரைவோடு ஒப்பிட்டு உங்கள் பிரிவு மாறியதா என்று பாருங்கள். மாறியிருந்தால் அடுத்த பட்ஜெட்டில் அதற்குத் தொகை எந்தத் தலைப்பில் வந்திருக்கிறது என்று தேடுங்கள். தொகை வரவில்லை என்றால் ஒப்புகை எண்ணையும் பிரிவு எண்ணையும் குறிப்பிட்டு, நான்காம் படியில் எழுதிய தாளில் அந்தப் பொருளுக்கு எதிரே இருக்கும் பொறுப்பாளருக்கு மறுபடி எழுதுங்கள். நகலை உங்கள் வார்டு கவுன்சிலருக்கும் அனுப்புங்கள்.